டைமிங் செயின் நீண்டுவிட்டால்: டென்ஷனர் போதுமா, முழு செட் வேண்டுமா?

காலையில் இன்ஜினைக் கிளப்பியதும் முன்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று விநாடிகள் கலகலவென்று ஒரு சத்தம் கேட்டு அடங்கிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒருவர், டைமிங் செயினை அழுத்தி இறுக்கமாக வைக்கும் டென்ஷனரை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் செயின், பல்சக்கரங்கள், கைடுகள் (செயின் உரசி ஓடும் தடங்கள்), டென்ஷனர் என்று முழு செட்டையும் மாற்றியாக வேண்டும் என்று, முதல் தொகையைப் போலப் பல மடங்குக்கு மதிப்பீடு எழுதித் தருகிறார். கெட்டியான ஆயில் ஊற்றிப் பாருங்கள், சத்தம் நின்றுவிடும் என்று சொல்ல மூன்றாவதாக ஒருவரும் எங்காவது இருப்பார். மூவருமே ஏதோ ஒரு வண்டிக்குச் சரியானதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் வண்டிக்கு எது சரி என்பதைச் சத்தத்தை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதுதான் சிக்கல்; ஏனெனில் சத்தம் செயினின் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது, டைமிங், அதாவது பிஸ்டனின் ஓட்டத்துக்கு ஏற்ப வால்வுகள் திறந்து மூடும் நேரம், கெடுவது அதன் மறுபக்கத்தில்.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்லக் கேட்கும்போது இரும்பு ரப்பரைப் போல இழுபட்டுவிட்டதாகத் தோன்றும். தகடுகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. தேய்வது ஒவ்வொரு மூட்டையும் கோக்கும் பின் என்ற சிறு தண்டும், அது உள்ளே திரும்புகிற புஷ் என்ற குழலும்தான். மூட்டுக்கு மூட்டு 8 மி.மீ. இடைவெளி கொண்ட ஒரு செயினில் மூட்டுக்கு 0.04 மி.மீ. தேய்ந்தால் அது அரை சதவீதம். 130 கண்ணிகள் கொண்ட செயினில் இதைக் கூட்டினால் 5.2 மி.மீ. வரும். கழற்றிய பழைய செயினையும் புதியதையும் ஒரு பட்டறையில் ஒரே ஆணியில் மாட்டித் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறேன். வளையமாகத் தொங்குவதால் நீட்சியில் பாதிதான் கீழே வித்தியாசமாகத் தெரியும், இரண்டரை மி.மீட்டர் அளவுக்குப் பழையது இறங்கியிருந்தது. "இத்தனூண்டுக்கா இன்ஜினைப் பிரிச்சீங்கண்ணே?" என்று கேட்டேன். மெக்கானிக் பதில் சொல்லாமல், பின்கள் செங்குத்தாக நிற்கும்படி திருப்பி, இரண்டு செயின்களையும் ஒவ்வொன்றாகப் படுக்கைவாட்டில் நீட்டிப் பிடித்துக் காட்டினார். புதியது ஏறக்குறைய விறைப்பாக நின்றது. பழையது வில்லாக வளைந்து தொங்கியது.

இந்த இரண்டரை மி.மீட்டர் ஏன் பெரிய விஷயம் என்பதற்குப் பைக்கின் பின்சக்கரச் செயினோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது நீண்டால் ஆக்சிலைப் பின்னால் நகர்த்தி டைட் வைத்துவிட்டால் கதை முடிந்தது; சக்கரம் இரண்டு டிகிரி பின்தங்கிச் சுற்றுவதால் யாருக்கும் நட்டமில்லை. தொழிற்சாலைகளில் ஓடும் ரோலர் செயின்களை 3 சதவீத நீட்சி வரைகூடப் பொறுத்துக்கொள்வது வழக்கம். டைமிங் செயின் சக்தியைக் கடத்துவதோடு நிற்பதில்லை. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்ற செய்தியையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுக்குக் கொண்டுபோகிறது. செயின் நீளும்போது அந்தச் செய்தி தாமதமாகப் போய்ச் சேருகிறது.

பிஸ்டன்களால் திருப்பப்படும் கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது செயினின் ஒரு பக்கத்தைத் தன்னை நோக்கி இழுக்கிறது. அந்தப் பக்கம் எப்போதும் விறைப்பாக இருக்கும். அதை இழுபக்கம் என்று வைத்துக்கொள்வோம். கிராங்கைச் சுற்றிவிட்டு மறுபக்கமாகக் கேம் பல்சக்கரங்களுக்குத் திரும்பும் தளர்பக்கத்தில்தான் டென்ஷனர் உட்கார்ந்திருக்கிறது. செயின் முழுவதும் ஏறக்குறையச் சமமாகத்தான் தேய்கிறது என்றாலும், இழுபக்கத்தில் சேரும் நீளம் கேமைப் பின்தங்க வைக்கிறது; மீதி நீளம் தளர்பக்கத்துக்கு வந்து, டென்ஷனர் அழுத்தி எடுத்துக்கொள்ள வேண்டிய தொய்வாகிறது. டென்ஷனர் நன்றாக வேலை செய்தால் தொய்வு தெரியாது, சத்தமும் வராது. ஆனால் இழுபக்கத்தில் நீண்ட நீளத்தை எந்த டென்ஷனராலும் குறைக்க முடியாது. ஆகவே சத்தமே இல்லாத இன்ஜினில் டைமிங் வெகுவாகப் பின்தங்கியிருக்கலாம். காது கூசுமளவுக்குச் சத்தம் போடும் இன்ஜினில் செயின் ஏறக்குறையப் புதிதாகவும் இருக்கலாம்.

எவ்வளவு பின்தங்கும் என்பதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். கேம் பல்சக்கரத்தில் 36 பற்கள், கிராங்கில் 18 பற்கள், இடைவெளி 8 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், கேம் ஒரு சுற்று சுற்ற 288 மி.மீ. செயின் ஓட வேண்டும். இழுபக்கத்தில் 50 கண்ணிகள், அதாவது 400 மி.மீ. இருந்தால், அரை சதவீத நீட்சி 2 மி.மீ. ஆகிறது. இது கேமில் 2.5 டிகிரி, கிராங்க் கேமைவிட இரு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் கிராங்க் கணக்கில் 5 டிகிரி. இரண்டு கேம்களையும் ஒரே செயின் சுற்றிவரும் இன்ஜினில் இரண்டாவது கேம், இடையில் உள்ள கண்ணிகளின் நீட்சியையும் சேர்த்துச் சுமப்பதால், இன்னும் ஒன்றரை டிகிரி போலப் பின்தங்கும். இதே கணக்கில் செயின் ஒரு பல் தாவினால் கிராங்கில் 20 டிகிரி போய்விடும். தேய்மானத்தால் வருவது மெல்ல ஏறும் கடன். பல் தாவுவது ஒரே நாளில் வந்து விழும் இடி.

கேம் பின்தங்கினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். குறைந்த வேகத்தில் சிலிண்டருக்குள் வந்த காற்றில் ஒரு பகுதியை ஏறும் பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடுவதால் கம்ப்ரஷன் எல்லா சிலிண்டர்களிலும் ஒரே மாதிரி சற்றுக் குறைகிறது, கீழ் வேகத்தில் வண்டி இழுக்க மறுக்கிறது. அதிக வேகத்தில் தாமதமாக மூடுவது பெரிய பாதகமில்லை என்பதால் நாற்கரச் சாலையில் மட்டுமே ஓடும் வண்டியில் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. அதே வண்டி கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, முன்பு இரண்டாவது கியரில் எடுத்த வளைவுக்கு முதல் கியர் கேட்கும். எக்சாஸ்ட் கேமில் வரும் தாமதம் வேறு வகையில் ஆபத்தானது. பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் எக்சாஸ்ட் வால்வு இன்னும் முழுதாக மூடாமல் நிற்கும் என்பதால் இரண்டுக்கும் இடையிலான இடைவெளி குறைகிறது. டீசல் இன்ஜினில் அந்த இடைவெளி ஏற்கெனவே மிகச் சிறியது.

தீப்பொறியின் டைமிங்கும் இதனால் கெடுமா என்பது வண்டியின் வயதைப் பொறுத்தது. கேம் ஷாஃப்டால் சுழற்றப்படும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய பெட்ரோல் இன்ஜினில் பொறியும் சேர்ந்தே பின்தங்கும். இன்றைய இன்ஜின்களில் தீப்பொறியும், காமன் ரெயில் டீசலில் எரிபொருள் தெளிப்பும் கிராங்க் சென்சாரைப் பார்த்தே கணக்கிடப்படுவதால் அவை பெரும்பாலும் தம் இடத்திலேயே இருக்கும்; வால்வுகள் மட்டும் பின்தங்கும். வால்வு டைமிங்கை ஓட்டத்திலேயே மாற்றும் அமைப்பு உள்ள கார்களில், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ அந்தத் தாமதத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்தும் விடுகிறது. நல்லதுதான், ஆனால் நோயை மறைக்கும் நல்லது.

ஆகவே மதிப்பீடுகளை ஒப்பிடுவதற்கு முன் ஓர் அளவு கையில் இருக்க வேண்டும். பல கார்களில் கேமின் விலகலை ஸ்கேனர் டிகிரியிலேயே காட்டும். விலகல் வரம்பைத் தாண்டினால் பி0016 முதல் பி0019 வரையிலான பழுதுக் கோடுகளில் (குறியீட்டு எண்களில்) ஒன்று விழும். ஆனால் கோடு விழுந்ததாலேயே செயின் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆயில் கன்ட்ரோல் வால்வு அடைத்துக்கொண்டாலும், கேமின் கோணத்தை மாற்றும் ஃபேசர் சிக்கிக்கொண்டாலும் இதே கோடு வரும். கிராங்கையும் கேமையும் குறித்த நிலையில் பூட்டிப் பார்க்கும் டைமிங் லாக் கருவியை வைத்துப் பார்ப்பது இன்னும் நேரடியான வழி: கிராங்கை ஒரு லாக் பின் செருகி நிறுத்திய நிலையில் கேம் லாக் தன் இடத்தில் உட்கார மறுத்தால், மறுக்கும் அளவுதான் நீட்சி. டென்ஷனரின் தண்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதும் ஒரு சாட்சி. சில இன்ஜின்களில் முன் கவரில் இதற்கென்றே ஒரு சிறு அடைப்பான் உண்டு. அதைக் கழற்றி, வெளியே தெரியும் பற்களை எண்ணினாலே போதும்.

இனி வழிகளுக்கு வரலாம். டென்ஷனரை மட்டும் மாற்றுவது இரண்டு சூழல்களில் முழுக்க நியாயமானது: அளந்து பார்த்ததில் கேம் விலகல் கம்பெனி வரம்புக்குள் இருந்து, டென்ஷனர் ஆயில் அழுத்தத்தைத் தாங்காமல் இருப்பது ஒன்று; டென்ஷனரின் வடிவமைப்பே பழுதானது என்று தெரிந்திருப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஈஏ888 டர்போ பெட்ரோல் இன்ஜின்களின் முற்காலப் பதிப்புகள். அவற்றின் டென்ஷனரில், தண்டு பின்வாங்காமல் பிடித்துக்கொள்ள வேண்டிய பல்லமைப்பு நழுவிவிடுவதால், இன்ஜின் நின்று ஆயில் அழுத்தம் இறங்கிய பிறகு செயின் தளர்ந்து, அடுத்த முறை கிளப்பும்போது பல் தாவிவிடும் ஆபத்து இருந்தது. சரிவில் கியரில் போட்டு நிறுத்திய வண்டி சற்றே உருண்டு இன்ஜினைப் பின்னோக்கித் திருப்பினால் ஆபத்து இன்னும் கூடும். அமெரிக்காவில் இது கூட்டு வழக்காகவும் போய், பிறகு சமரசத்தில் முடிந்தது. இத்தகைய இன்ஜினில் செயின் நன்றாக இருக்கும்போதே, திருத்திய வடிவ டென்ஷனரை மாட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

மற்றபடி, விலகல் வரம்பைத் தாண்டிய இன்ஜினில் டென்ஷனரை மட்டும் மாற்றுவதை நான் ஏற்பதில்லை. புதிய டென்ஷனர் தொய்வை இறுக்கிப் பிடிக்கும், சத்தம் நிற்கும், உரிமையாளர் மகிழ்ச்சியோடு பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். டைமிங் ஒரு டிகிரிகூடத் திரும்பியிருக்காது. இனி செயின் மேலும் நீள்வதை அறிவிக்க இருந்த ஒரே குரலும் அடங்கிவிடும். 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்குவதும் இதே வகைதான். மெல்லிய ஆயிலுக்காகத் துளைக்கப்பட்ட வழிகளில் அது காலைக் குளிரில் இன்னும் தாமதமாகத்தான் டென்ஷனரைச் சென்றடையும் என்பதால், ஒரு வகையில் இன்னும் மோசமானது.

செயினை மட்டும் மாற்றுவது பாதி வழியில் நிற்கும் தேர்வு. நீண்ட செயின் பல்லின் உச்சியை நோக்கி ஏறி உட்கார்ந்து, பற்களையும் தன் அளவுக்கு ஏற்பத் தேய்த்துவிடுகிறது. அந்தப் பற்களின் மேல் சரியான இடைவெளி கொண்ட புதிய செயினைப் போட்டால் பளு எல்லாப் பற்களிலும் பரவாமல் ஒன்றிரண்டில் விழும். புதியது பழையதைவிட வேகமாகத் தேயும். பிளாஸ்டிக் பூச்சுள்ள கைடுகளை விட்டுவைப்பதும் அதே தவறு. வெப்பத்தில் முறுகிய அந்தப் பூச்சு துண்டுதுண்டாக உதிர்ந்து, இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் விழுந்தால், ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துக்கொண்டு செயினோடு பேரிங்குகளையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இருப்பினும் செயினை மட்டும் மாற்றுவது நிறுவனமே ஏற்றுக்கொண்ட முறையாக இருந்த இன்ஜின் ஒன்று உண்டு. அது நமக்கு அறிமுகமானதும்கூட. மெர்சிடிஸ் 240டி காரில் வந்த ஓஎம்616 டீசல் இன்ஜினை பஜாஜ் டெம்போ நிறுவனம், இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ், உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்தது. சுற்றுலாவுக்கும் கல்யாணத்துக்கும் நாம் ஏறிப்போன டெம்போ வேன்களின் வழியாக அது தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்குப் பழகிய இன்ஜின். அதில் இரட்டை வரிசை ரோலர் செயின். முன் கவரைக் கழற்றாமலே, மேலே வால்வு கவரைத் திறந்து, பழைய செயினின் ஒரு கண்ணியை அறுத்து, புதிய செயினின் முனையை அதோடு இணைத்து, கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பி, பழையது வெளியேற வெளியேறப் புதியதை உள்ளே ஓட்டிவிட்டு, கடைசிக் கண்ணியை ரிவெட் அடித்து மூடுவார்கள். நீட்சியை அளப்பதும் எளிது: கேம் குறியை அதன் குறியோடு நேர்படுத்திவிட்டு, கிராங்க் புல்லியில் எத்தனை டிகிரி தள்ளியிருக்கிறது என்று படித்தால் போதும். தாமதம் மிதமாக இருந்தால் செயினைத் தொடாமல், கேம் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சாவியை (தண்டும் பல்சக்கரமும் நழுவாமல் பூட்டும் சிறு இரும்புத் துண்டை) எடுத்துவிட்டு, ஒரு பக்கமாகத் தள்ளி வெட்டிய ஆஃப்செட் சாவியைப் போட்டு கேமை மட்டும் முன்னுக்குத் திருப்பிக்கொள்ளலாம். வெவ்வேறு டிகிரிகளுக்கு அத்தகைய சாவிகள் கிடைத்தன.

இந்தச் சாவி வித்தையை எனக்குப் பிடிக்கும். டைமிங் பின்தங்குகிறது என்ற நோயை நேராகத் தொடும் மலிவான மருந்து அது. டென்ஷனர் செய்யாததை அது செய்கிறது. ஆனால் தேய்ந்த செயின் தேய்ந்த செயினாகவே உள்ளே இருக்கிறது. அந்த இன்ஜினில் டீசல் பம்பும் அதே செயினால் ஓடுவதால் தெளிப்பின் டைமிங்கைத் தனியாகத் திருப்பி வைக்கவும் வேண்டும். கேமுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே சாவியே இல்லாமல் போல்ட்டின் இறுக்கத்தை மட்டும் நம்பி நிற்கும் இன்றைய பல இன்ஜின்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அப்படிப்பட்ட இன்ஜின்களுக்கு, விலகல் வரம்பைத் தாண்டிவிட்டது என்று உறுதியானால், முழு செட்டைத் தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன். செலவில் பெரும்பகுதி கூலி. இன்ஜின் மவுண்ட்டைக் கழற்றி, புல்லியை இழுத்து, பல வண்டிகளில் சம்ப்பையும் இறக்கி, முன் கவரைத் திறக்கும் வேலை டென்ஷனருக்கும் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் ஒன்றேதான். டென்ஷனரை மட்டும் வெளியிலிருந்தே கழற்ற முடிகிற இன்ஜின்கள் இதற்கு விலக்கு. முதல் மதிப்பீடு அவ்வளவு குறைவாக இருப்பதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். 2007இல் வந்த பிஎம்டபிள்யூ என்47 டீசல் இன்ஜினில் செயினைப் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் வைத்திருக்கிறார்கள். கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் அதை நெருங்க முடியாது என்னும்போது, உள்ளே போனவர் பழைய கைடு ஒன்றை விட்டுவைத்து மூடுவது பெரும் அசட்டுத்தனம். ஜெனரல் மோட்டார்ஸின் 3.6 லிட்டர் வி6 இன்ஜினில் ஒன்றுக்கு மூன்று செயின்கள். 2007 முதல் 2009 வரையிலான மாடல்களில் அவை சீக்கிரமே தேய்ந்ததால், அந்நிறுவனம் அமெரிக்காவில் செயினுக்கான உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்டியது. ஆயிலை முன்னதாகவே மாற்றச் சொல்லும்படி மென்பொருளையும் திருத்தியது.

அந்த மென்பொருள் திருத்தத்தில்தான் கடைசி வழி, அதாவது இப்போதைக்கு எதையும் கழற்றாமல் ஆயிலை ஒழுங்காக மாற்றிக்கொண்டு அளந்துகொண்டே போகும் வழி, ஒளிந்திருக்கிறது. டீசலில் புகைக்கரியும், நேரடித் தெளிப்புப் பெட்ரோல் இன்ஜினில் கரியோடு ஆயிலில் கலக்கும் பெட்ரோலும், பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவிலுள்ள மெல்லிய பாதுகாப்புப் படலத்தைச் சுரண்டுகின்றன. ஆயில் தரக் குழுக்கள் இதைத் தாமதமாகத்தான் கவனித்தன. அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ 2020 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த எஸ்பி என்ற ஆயில் தரத்துக்கு, ஃபோர்டின் 2 லிட்டர் டர்போ இன்ஜினில் ஓட்டிச் செயின் நீட்சியை அளக்கும் சோதனை முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் தேற 0.085 சதவீதத்துக்கு மேல் நீளக் கூடாது. நாம் மேலே கணக்குப் போட்ட அரை சதவீதத்தோடு இதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு கறாரான வரம்பு என்பது புரியும். ஆகவே பெட்ரோல் வண்டிக்காரர்கள், கையேடு சொல்லும் கெட்டித்தன்மையில், டப்பாவில் எஸ்பி என்று அச்சிட்ட ஆயிலைத் தேடி வாங்குவது பொருளுள்ள செலவு. விலகல் வரம்புக்குள் இருக்கும் வண்டியில் இந்த வழியைத்தான் நான் தேர்வு செய்வேன்: ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்கேனரின் டிகிரியைத் தேதியும் கிலோமீட்டரும் போட்டுக் குறித்துவைப்பது. எண் நகராமல் நின்றால் காத்திருக்கலாம்; இரண்டு முறை தொடர்ந்து ஏறினால் பணத்தைச் சேர்க்கத் தொடங்கலாம். ஏற்கெனவே நீண்டுவிட்ட செயினை எந்த ஆயிலும் சுருக்காது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாற்றிவிடலாம் என்ற யோசனையும் சிலருக்கு வரும். வால்வுகள் ஏற்கெனவே பிஸ்டனில் மோதி ஹெட் போய்விட்டிருந்தால் அதை எண்ணிப் பார்க்கலாம். இல்லையென்றால், தெரிந்த தேய்மானத்தைக் கொடுத்துவிட்டுத் தெரியாத தேய்மானத்தை வாங்குவதுதான் அது.

முழு செட் என்று முடிவானால் எந்தச் செட் என்பது மீதிக் கேள்வி. கார் நிறுவனங்கள் செயினைத் தாமே செய்வதில்லை. ஜெர்மனியின் ஐவிஸ், அமெரிக்காவின் போர்க்வார்னர், ஜப்பானின் சுபாகி போன்றவை செய்து தருகின்றன. நம் ஊரிலும் கோயம்புத்தூர் எல்ஜிபியும், டயமண்ட் செயின் செய்யும் சென்னை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் இத்துறையில் பெயர் பெற்றவை. கம்பெனிப் பெட்டியில் வரும் அதே செயின் தயாரிப்பாளரின் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். பெயரே இல்லாத செட்டின் ஆபத்து செயினைவிட டென்ஷனரிலும் கைடிலும்தான் அதிகம். திருப்பி மாட்டக் கூடாது என்று கையேடு சொல்லும் கிராங்க் போல்ட்டும் புதிதாக இருக்க வேண்டும். சாவி இல்லாத பல்சக்கரங்களைப் பிடித்துவைப்பது அந்த ஒரு போல்ட்டின் இறுக்கம்தான்.

வேலை முடிந்து கவரை மூடுவதற்கு முன், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பி, லாக் கருவிகள் திரும்பவும் தம் இடத்தில் உட்காருகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள், கூடவே நில்லுங்கள். அப்போது செயினில் நிறம் பூசிய கண்ணிகள் பல்சக்கரக் குறிகளோடு பொருந்தாமல் நிற்பதைப் பார்த்துப் பதறிவிட வேண்டாம். 130 கண்ணிகளும் 36 பற்களும் உள்ள நம் கணக்கு இன்ஜினில் அவை மறுபடி நேர்படக் கிராங்க் 130 சுற்று சுற்ற வேண்டும். லாக் உட்கார்ந்துவிட்டால் டைமிங் சரி. கவரை மூடி, ஆயில் ஊற்றி, இன்ஜினைச் சூடாக்கியபின் ஸ்கேனர் காட்டும் முதல் எண்ணைப் பில்லின் பின்புறத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அளப்பவருக்கு ஒப்பிட அதுதான் வேண்டும்.